டீச்சரா, ஜெனியா, மிஸ் மில்லரா?

தென்கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. முதல் வாரம், ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பறை என்று வைத்துக்கொள்வோம். வகுப்புத் தலைவன் குரல் கொடுக்க, பிள்ளைகள் தலை குனிந்து வணங்கி உட்காருகிறார்கள். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஆங்கில ஆசிரியைக்கு வயது இருபத்து மூன்று. பெயர் ஜெனிஃபர் மில்லர். பலகையில் பெயரை எழுதிவிட்டு, "என்னை ஜெனி என்றே கூப்பிடுங்கள்" என்கிறார். வகுப்பின் பின்னால் நிற்கும் கொரிய ஆசிரியைக்குச் சுருக்கென்கிறது. அடுத்த நிமிடம் ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், டீச்சர்!" என்கிறான். இப்போது ஜெனிக்குச் சுருக்கென்கிறது.

மூவரில் யாரும் யாரையும் மட்டம் தட்ட நினைக்கவில்லை. பிறகு ஏன் இந்தக் குத்தல்? டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். அவசரமாகச் சொன்னால் "கலாச்சார வேறுபாடு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஒன்றும் விளங்காது.

முதலில் இந்த ஆசிரியர்கள் யார் என்று பார்த்துவிடலாம். கொரியத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமானது 1997ல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1995ல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை அரசுப் பள்ளிகளுக்கு வரவழைக்கும் 'எபிக்' திட்டத்தை அரசு தொடங்கிவிட்டது. வருகிறவர்களுக்கு இ-2 என்ற விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர்தான் பெரும்பாலும். எந்தத் துறையிலாவது இளங்கலைப் பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதால், கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்கள் நிறைய. அரசுப் பள்ளியில் இவர்கள் தனியாகப் பாடம் எடுப்பதில்லை. கூடவே ஒரு கொரிய ஆங்கில ஆசிரியர் இருப்பார். இது தவிர 'ஹாக்வொன்' என்னும் தனியார் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே வழக்கம் வேறு, பிறகு வருகிறேன்.

இப்போது கொரியப் பையனின் பக்கம். அவன் வளர்ந்த மொழியில், தன்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. அண்ணனைப் பையன் 'ஹியொங்' என்பான், பெண் 'ஓப்பா' என்பாள். அக்காவைப் பையன் 'நூனா' என்பான், பெண் 'ஒன்னி' என்பாள். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கெடுபிடி கொஞ்சம் கூடுதல். பள்ளியில் ஒரே ஒரு வகுப்பு மேலே படிப்பவர்கூட 'சொன்பே', அதாவது மூத்தவர். புதிதாக அறிமுகமாகும் இருவர், பேச்சு நீள்வதற்கு முன்பே எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டுவிடுவார்கள். மேலைநாட்டவர்களுக்கு இது வம்பு விசாரிப்பாகத் தோன்றும். உண்மையில் அது இலக்கணத் தேவை. கொரிய வினைச்சொல்லின் கடைசி விகுதி, எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கேற்ப மாறும். வயது தெரியாமல் வாக்கியத்தை எந்த விகுதியில் முடிப்பது என்று தீர்மானிப்பது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இது நம்மிடம் இல்லாதது. தமிழில் தயங்காமல் சொல்ல 'நீங்கள்' இருக்கிறது. கொரிய மொழியில் பெரியவர் ஒருவரை நேருக்கு நேர் 'நீங்கள்' என்று சொல்லத் தோதான சொல்லே இல்லை. அகராதியில் இருக்கும் 'தாங்ஷின்' கணவன் மனைவிக்குள் புழங்கும், அல்லது நடுத்தெருச் சண்டையில் வெடிக்கும். ஆசிரியரிடம் அதைச் சொல்லும் மாணவன் வீட்டுக்குச் செய்தி போகும். அதனால் 'நீங்கள்' வரவேண்டிய இடத்தில் எல்லாம் பதவிப் பெயரைப் போடுவார்கள். "டீச்சர், டீச்சர் நேற்று எங்கே போனார்?" என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ஜெனியிடமே கேட்டால், அது இன்னொரு டீச்சரைப் பற்றிய விசாரணை இல்லை.

அந்தப் பதவிப் பெயர் 'சொன்செங்நிம்'. முன்னால் பிறந்தவர் என்பது அதன் சீன வேர்; ஜப்பானியரின் 'சென்செய்' அதே எழுத்துகள்தான். கடைசியில் வரும் 'நிம்' மரியாதை ஒட்டு. தலைமையாசிரியருக்கும், கணக்கு வாத்தியாருக்கும், மருத்துவருக்கும் இதுவே. ஆசிரியர் அறையில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் இப்படித்தான். இதில் வயதையும் மிஞ்சும் வலு ஒன்று இருக்கிறது: மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் ஐம்பது வயது மேலாளர்கூட, பாடம் நடத்தும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணை 'சொன்செங்நிம்' என்றுதான் அழைப்பார். அரசன், ஆசிரியன், தந்தை மூவரும் ஒன்று என்ற பழைய கன்பூசியச் சொல்வழக்கு கொரியப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

ஆக, பையன் "டீச்சர்" என்று கத்தும்போது அவன் தொழிலைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தன்னிடம் இருக்கும் மரியாதைச் சொற்களில் மிக உயர்ந்ததை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறான். நம் ஊரில் "டீச்சர்" என்று கூப்பிட்டே வளர்ந்த எவருக்கும் அவன் கட்சி நியாயமாகத்தான் படும்.

ஜெனிக்கு ஏன் படவில்லை? அவருடைய ஆங்கிலத்தில் டாக்டரை "டாக்டர்" எனலாம், பேராசிரியரை "புரொஃபசர்" எனலாம், போலீஸ்காரரை "ஆஃபீசர்" எனலாம். ஆனால் "டீச்சர்" என்று மட்டும் அழைப்பது, மிகச் சிறு பிள்ளைகள் தவிர, பழக்கத்தில் இல்லை. இதற்குத் தர்க்கம் தேடாதீர்கள், கிடைக்காது. அவர் காதில் அது "என் பெயரைத் தெரிந்துகொள்ளக்கூட உனக்கு அக்கறை இல்லையா" என்று விழுகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளிலோ பெயரே இல்லாமல் "சார்", "மிஸ்" என்று அழைப்பது அன்றாட வழக்கம். எனவே 'ஆங்கில மரபு' என்று ஒன்றைத் தூக்கிக் காட்டிப் பிள்ளைகளைத் திருத்தப் புறப்படுகிறவர், எந்த ஊர் ஆங்கிலம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

"டீச்சர்!" என்றதும் "என்ன, ஸ்டூடண்ட்?" என்று குத்தலாகத் திருப்பிக் கேட்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் உண்டு. எப்படி இருக்கிறது பார் என்று உறைக்க வைப்பதாக எண்ணம். அங்கேதான் வேடிக்கை. 'ஹக்செங்', அதாவது மாணவன், என்பது கொரியாவில் கடைக்காரரும் வழிப்போக்கரும் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கூப்பிடும் சாதாரண விளி. பிள்ளைக்கு ஒன்றும் உறைக்காது. "யெஸ், டீச்சர்" என்று சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

சரி, ஜெனி கேட்டுக்கொண்டபடியே "ஜெனி" என்று கூப்பிட்டால் என்ன? மூன்றில் நான் மறுப்பது இந்த ஒன்றைத்தான். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜெனி தன் ஊர்ப் பள்ளியில் தன் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்திருக்க மாட்டார். மிஸ்டர் இன்னார், மிஸ் இன்னார் என்றுதான் சொல்லியிருப்பார். இங்கே மட்டும் ஏன் தாராளம்? 'மிஸ் மில்லர்' என்றால் தன் அம்மாவை யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது. பிள்ளைகளோடு தோழமையாக இருக்கும் ஆசை வேறு. கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கொரியாவில் வெறும் ஆங்கிலப் பெயர் என்பது சும்மா ஒரு பெயர் அல்ல. படிநிலையை வேண்டுமென்றே கலைக்க நினைப்பவர்கள் கையில் எடுக்கும் கருவி.

2002 உலகக் கோப்பைக்குக் கொரியக் கால்பந்து அணியைத் தயார் செய்த டச்சுப் பயிற்சியாளர் ஹிடிங்க், ஆட்டக்களத்தில் 'அண்ணா' எல்லாம் வேண்டாம், மூத்த வீரரையும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். பந்தைக் கேட்க இளையவர் தயங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்த அணி அரையிறுதி வரை போனது. அந்த உத்தரவு இன்றும் கொரியாவில் கதையாகப் பேசப்படுகிறது. 2000ல் சி.ஜே. குழுமம் அலுவலகத்தில் பதவிப் பெயர்களை நீக்கி எல்லோரும் எல்லோரையும் பெயரோடு 'நிம்' சேர்த்து அழைக்கச் சொன்னது. காக்காவோ போன்ற இணைய நிறுவனங்களில் ஊழியர்கள் ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கொரியப் பெயரில் முதலாளியைக் கூப்பிட நாக்கு எழாது, ஆங்கிலப் பெயரில் எழும் என்பதற்காகவே.

அங்கெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தெரிந்தே கலைத்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் வகுப்பில், முதல் நாளே, பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் கலைத்தால் என்ன ஆகும்? குறும்புக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "ஜெனி" சில நாளில் "ஜெனியா" ஆகும். சம வயதுக்காரரையும் சின்னவரையும் கூப்பிடும் விகுதி அது. ஜெனிக்கு அந்த 'யா' காதில் விழாது. பின்னால் நிற்கும் கொரிய ஆசிரியைக்கு விழும்.

இதைவிடப் பெரிய கெடுதல் பாடத்துக்குத்தான். ஆங்கிலத்தில் மரியாதை வழக்கு இல்லை, யாரிடமும் எப்படியும் பேசலாம் என்ற நம்பிக்கை கொரியாவில் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஆங்கில மரியாதை வினை விகுதியில் இல்லை. கேட்கும் விதத்தில் இருக்கிறது. நேரே ஏவாமல் 'முடியுமா' என்று சுற்றி வளைப்பதிலும், பெயருக்கு முன்னால் எதைப் போடுகிறோம் என்பதிலும், யார் சொன்ன பிறகு அதை விடுகிறோம் என்பதிலும் இருக்கிறது. முதல் நாளே "ஜெனி" என்று பழகிய பிள்ளை, பின்னாளில் முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலை "ஹாய் ஜான்" என்று தொடங்கி, வேண்டியதைக் கட்டளையாகக் கேட்டு முடிக்கும்.

அப்படியானால் 'மிஸ் மில்லர்' என்று வைத்துவிடலாமே? ஆம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அதிலும் முள் இருக்கிறது. கொரிய அலுவலகங்களில் ஒரு காலத்தில் 'மிஸ் கிம்' என்றால் காபி கலந்து கொடுத்து நகலெடுத்துத் தரும் கடைநிலைப் பெண் ஊழியர். 'மிஸ்டர் கிம்' என்றால் மேலதிகாரி கூப்பிடும் சின்ன ஊழியர். இரண்டுமே மேலிருந்து கீழே போகும் அழைப்பு, ஒருபோதும் கீழிருந்து மேலே வராது. 2013ல் வந்த ஓர் அலுவலகத் தொலைக்காட்சித் தொடரில், எல்லோரையும்விடத் திறமைசாலியான ஒப்பந்தப் பெண் ஊழியரின் பெயர் 'மிஸ் கிம்' என்றே வைத்திருந்தார்கள். கிண்டல் யாருக்கும் விளக்காமலே புரிந்தது. (அமெரிக்க நர்சரிகளில் 'மிஸ் கிம்' என்று ஒரு லைலாக் பூச்செடி விற்கிறார்கள். 1947ல் சியோலை ஒட்டிய புக்கான் மலையிலிருந்து விதை கொண்டுபோன அமெரிக்கத் தாவரவியலாளர் வைத்த பெயர் அது. கொரியாவில் தன்னோடு வேலை பார்த்த தட்டச்சுப் பெண்ணின் நினைவாக என்று சொல்வார்கள்.) எனவே ஆசிரியையை 'மிஸ்' என்று அழைக்கச் சொன்னால், விவரம் தெரிந்த கொரியருக்கு நாக்கு கூசும். ஆங்கிலத்தில் இது மேலே போகும் அழைப்பு என்று ஒரு முறை விளக்கிவிட்டால் கூச்சம் தீரும். விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

உச்சரிப்பையும் சொல்ல வேண்டும். கல்யாணமானவரா இல்லையா என்று காட்டாத 'மிஸ்', 'ஜ' சாயலில் அதிரும் ஒலியில் முடிகிறது. கல்யாணமாகாதவரைச் சொல்லும் 'மிஸ்' வெறும் 'ஸ்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன, பார்த்தீர்களா? கொரியரின் சங்கடமும் அதேதான்; அந்த அதிர்வொலி அவர்கள் மொழியில் இல்லை. 'மிஸஸ்' இன்னும் மோசம். கொரியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வதால், கணவன் பெயரில் ஒருத்தியை அழைப்பது அவர்களுக்கு விளங்காத ஏற்பாடு. சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்துகள் சேர்ந்து வந்தாலும், 'ஸ்' போன்ற ஒலி கடைசியில் நின்றாலும் ஓர் உயிரொலியை ஒட்டியாக வேண்டும் என்பதால் 'ஸ்மித்' அவர்கள் வாயில் 'சுமிசு' ஆகும். மிஸ்டர் ஸ்மித்தைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 'டீச்சர்' எவ்வளவு சுலபம்!

பெயர் வரிசையும் குழப்பும். கொரியாவில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. ஐந்தில் ஒருவருக்குக் குடும்பப் பெயர் கிம். ஆங்கிலப் பெயரிலும் முதலில் நிற்பதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை 'மிஸ்டர் ஜான்' என்கிறது. சில வெளிநாட்டு ஆசிரியர்கள் இதற்குச் சிரிப்பார்கள். சிரிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 'மிஸ் ஜெனி' என்று சொந்தப் பெயரோடுதான் ஆசிரியையை அழைக்கிறார்கள்.

இவ்வளவு முள்ளுக்கும் நடுவில் கொரிய ஆசிரியர் அறைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: 'ஜெனி ஸெம்'. சொன்செங்நிம் என்பதை வாய்க்குள்ளேயே சுருக்கினால் வருவது 'ஸெம்'. செல்லமும் உண்டு, மரியாதையும் போகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் இது உவப்பில்லை. 2019 ஜனவரியில் சியோல் கல்வி அலுவலகம், அலுவலகப் படிநிலையைத் தளர்த்துவதற்காகப் பதவிப் பெயர்களுக்குப் பதில் 'ஸெம்', 'நிம்', புனைபெயர் என்று அழைக்கலாம் என ஒரு யோசனையை வெளியிட்டது. எங்களுக்கு மிச்சம் இருப்பதே 'சொன்செங்நிம்' என்ற ஒரு சொல்தான், அதையும் எடுத்துக்கொள்வீர்களா என்று ஆசிரியர்கள் கொதித்தார்கள். இது ஊழியர்களுக்குள் மட்டும்தான், மாணவர்கள் ஆசிரியரை அழைப்பதற்கு அல்ல என்று அலுவலகம் விளக்கம் கொடுத்துப் பின்வாங்கியது. நான்கே ஆண்டு கழித்து, 2023 கோடையில், இளம் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் மரணத்தை அடுத்து, பெற்றோரின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு கேட்டு ஆயிரமாயிரம் ஆசிரியர்கள் சியோல் வீதிகளில் திரண்டார்கள். அந்த ஊரில் ஆசிரியரை என்ன சொல்லி அழைப்பது என்பது வெறும் நாகரிகக் கேள்வி இல்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். உயர்நிலை, நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலம் பேசும்போது 'மிஸ் மில்லர்'. அதைச் சொல்லப் பழகுவதே ஒரு பாடம். அதே பிள்ளை தாழ்வாரத்தில் கொரிய மொழியில் பேசினால் 'சொன்செங்நிம்'. அங்கே ஆங்கில விதியை நுழைக்க வேண்டாம். தொடக்கப் பள்ளியில் 'ஜெனி டீச்சர்' போதும். அது ஆங்கிலமும் இல்லை கொரியமும் இல்லை என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை பெயரையும் கற்றுக்கொண்டது, மரியாதையும் கொடுத்துவிட்டது. ஹாக்வொன்களிலும் பெரும்பாலும் இந்த வழக்கம்தான். பல்கலைக்கழகம் என்றால் 'புரொஃபசர்' போட்டுக் குடும்பப் பெயர். எதுவானாலும், கூட நிற்கும் கொரிய ஆசிரியரோடு முந்தின நாளே பேசி முடிவு செய்யுங்கள். வகுப்பில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால், பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு "ஹே!" என்பார்கள்.

ஆசிரியர் பக்கத்துக் கடன் ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியருக்கு வாரத்துக்கு 22 பாடவேளை வரை ஒப்பந்தம். ஒரு வகுப்பைப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள். என் பெயரைச் சொல்லவில்லை என்று வருந்துகிறவருக்கு, அவர்களில் இருபது பேரின் பெயர் தெரியுமா? தெரியாததால்தான் ஹாக்வொன்களில் பிள்ளைக்குக் கெவின், ஜெசிகா என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உயிரெழுத்தில் முடியும் பெயருக்கு 'யா', மெய்யில் முடிந்தால் 'ஆ': மின்சு என்றால் மின்சுயா, ஜியொன் என்றால் ஜியொனா. ஆசிரியர் பிள்ளையை இப்படிக் கூப்பிடுவது முறைதான். ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். "கிம்!" என்று குடும்பப் பெயரை மட்டும் சொல்லி அதட்டாதீர்கள், அது மரியாதைக் குறைவு, தவிர நாலைந்து தலைகள் ஒன்றாகத் திரும்பும்.

கடைசியாக நம் ஆட்களுக்கு. 2010ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற இந்தியர்களும் ஆங்கிலத் துணை ஆசிரியராகப் போவதற்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் கவிதா என்ற ஆசிரியையின் கடவுச்சீட்டில், குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா முருகேசன் உட்கார்ந்திருப்பார். கொரியாவில் வெளிநாட்டவருக்குத் தரும் வதிவிட அட்டையில் அவரே முதலில் அச்சாவார். மேலே நான் சொன்ன விதியை அப்படியே பின்பற்றினால் வகுப்பு முழுவதும் உங்கள் அப்பாவைக் கூப்பிடும். எனவே நமக்கு விதிவிலக்கு: முதல் நாளே பலகையில் 'மிஸ் கவிதா' என்று எழுதிவிடுங்கள், முருகேசன் யார் என்பதைக் கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள். கொரிய மொழியில் 'வ' இல்லை, எப்படியும் 'கபிதா' என்றுதான் வரும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.